பெரும்பான்மையா, சிறுபான்மையா: கேட்டு நடக்கும் அரசாங்கம்தான் எனக்கு வேண்டும்

2025 ஏப்ரல் 28, கனடாவின் பொதுத் தேர்தல் இரவு. ஸ்காபரோவில் அண்ணா வீட்டில் இருந்தேன். அண்ணா என்றால் பெரியப்பாவின் மகன். நள்ளிரவு தாண்டியும் அவர் டிவியை விட்டு எழும்பவில்லை. லிபரல் கட்சி பெரும்பான்மைக்கு வேண்டிய 172 இடங்களைத் தொடுமா, தொடாதா என்பதுதான் அவருடைய கவலை. தொடாது என்று தெளிவானதும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒரு பக்கமாக் குடுத்தால்தானே தம்பி அவங்கள் ஒழுங்கா ஆட்சி செய்வாங்கள். ட்ரம்போட கதைக்கப் போற ஆளுக்குப் பின்னால பலம் வேண்டாமோ?”

அவர் லிபரலுக்குப் போட்டார். நான் என்டிபிக்கு (புதிய ஜனநாயகக் கட்சி) போட்டேன், எங்கள் தொகுதியில் அந்த வேட்பாளர் வெல்ல மாட்டார் என்று தெரிந்தே. வாக்குச்சீட்டில் “சிறுபான்மை அரசாங்கம்”, அதாவது சபையில் பாதி இடம் இல்லாமல் மற்றக் கட்சிகளின் ஆதரவோடு ஆளும் அரசாங்கம், என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதற்குத்தான் கோடு போட்டிருப்பேன். மறு எண்ணிக்கைகள் எல்லாம் முடிந்தபோது 343 இடங்களில் லிபரல் 169, கன்சர்வேட்டிவ் 144, கியூபெக் மாகாணத்தின் புளொக் கட்சி 22, என்டிபி 7, பசுமைக் கட்சி 1 என்று கணக்கு நின்றது. கியூபெக்கின் டெரெபோன் தொகுதியில் மறு எண்ணிக்கை முடிவு ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். அரசாங்கத்துக்குக் குறைந்தது மூன்று இடங்கள். அண்ணாவுக்கு அது நட்டம். எனக்கு அந்த மூன்றும் குறைந்ததில் நிம்மதி.

பெரும்பான்மை அரசாங்கத்தின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நான்கு வருடம் கவிழாது, சொன்ன சட்டத்தை நிறைவேற்றலாம், பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை. 2016 ஜூலையில் வந்த பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவு அப்படியொரு பெரும்பான்மை அரசாங்கம் தந்ததுதான். எங்கள் வீட்டுக்கும் அது வந்தது, பெரிய உதவி. ஆனால் “பெரும்பான்மை” என்ற சொல்லைக் கேட்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 2011இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஹார்ப்பர் பெற்றது 39.6 சதவீத வாக்கு. 2015இல் லிபரல் தலைவர் ட்ரூடோ பெற்றது 39.5 சதவீதம். பத்தில் நான்கு பேர்கூட முழுதாக வரவில்லை, ஆனால் இருவரும் நான்கு வருடத்துக்கு யாரையும் கேட்கத் தேவையில்லாமல் இருந்தார்கள். அந்த 2015 தேர்தலில்தான் இந்த வாக்கு முறையையே மாற்றுவோம் என்று ட்ரூடோ வாக்குக் கொடுத்தார். 2017 பெப்ரவரியில் அதைக் கைவிட்டார். சபையில் அவரைத் தடுக்க யாருக்கும் எண்ணிக்கை இருக்கவில்லை.

இனி சிறுபான்மை அரசாங்கம். வரலாற்றில் தேடினால் லிபரல் பிரதமர் லெஸ்டர் பியர்சன்தான் முதலில் வருவார். 1963 முதல் 1968 வரை அவருக்கு ஒருநாளும் பெரும்பான்மை இருந்ததில்லை. மேப்பிள் இலைக் கொடி, கனடா ஓய்வூதியத் திட்டம், பொது மருத்துவக் காப்புக்கான சட்டம் மூன்றும் அந்த ஐந்து வருடத்தில் வந்தவை. நான் இந்த நாட்டுக்கு வந்தது 2009இல். பியர்சன் காலம் எனக்கு வாசித்தறிந்த கதை, அதை வைத்து அதிகம் வாதாட மாட்டேன். என் கண்ணால் கண்டது அம்மாவின் பல்.

அம்மாவுக்குக் கீழ்ப் பல்லுச் செட்டு தளர்ந்து மூன்று வருடம். சாப்பிடும்போது ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்வார், பிறகு கழற்றித் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டுச் சோற்றைக் குழைத்து விழுங்குவார். ஒன்ராறியோவின் மூத்தோர் பல் திட்டத்துக்கு அம்மா அப்பாவின் வருமானம் கொஞ்சம் கூடிவிட்டது. காசு கொடுத்துச் செய்வோம் என்றால், “இந்த வயதில எனக்கென்னத்துக்கு” என்று தட்டிவிடுவார். 2024 தொடக்கத்தில் மத்திய அரசின் பல் காப்புத் திட்டத்திலிருந்து கடிதம் வந்தது. வேறு பல் காப்புறுதி இல்லாதவர், குடும்ப வருமானம் 90,000 டொலருக்குள். அம்மா பொருந்தினார். அந்தக் கோடை புதுச் செட்டு வந்தது. இப்போது விரல் வைக்காமல் சாப்பிடுகிறார்.

2021 தேர்தலில் லிபரலுக்கு 338இல் 160 இடங்கள்தான் கிடைத்தன. அந்தத் தேர்தலில் இப்படியொரு திட்டம் அவர்களின் வாக்குறுதியில் இருக்கவில்லை. 2022 மார்ச்சில் 25 பேர் கொண்ட என்டிபியோடு செய்த உடன்பாட்டில்தான் அது அரசாங்கத்தின் வேலையாக மாறியது. லிபரல் 170ஐத் தொட்டிருந்தால் அந்தக் கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ட்ரம்ப் பற்றி அண்ணா சொன்னதற்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவுடனும் மெக்சிகோவுடனும் செய்த புதிய வர்த்தக ஒப்பந்தத்துக்கான சட்டம் 2020 மார்ச்சில் நிறைவேறியபோது இருந்ததும் சிறுபான்மை அரசாங்கமே. ஆதரவு தருவதற்கு என்டிபி ஒரு நிபந்தனை வைத்தது: இனிமேல் வர்த்தகப் பேச்சு தொடங்க 90 நாள் முன்பே அரசாங்கம் சபைக்கு அறிவிக்க வேண்டும். ஒப்பந்தமும் கெடவில்லை, அந்த வழக்கமும் கிடைத்தது. ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதியை நடத்தியது அதற்கு முந்தைய பெரும்பான்மை அரசாங்கம். 2025இல் ட்ரம்ப் தொடங்கிய வரிச் சண்டையில், பேச்சின் நடுவே, 169 பேர் போதுமா என்று கேட்டால் என்னால் உறுதி சொல்ல முடியாது.

என் மனதைத் தீர்த்தது இவை எல்லாவற்றையும்விட ஒரு சின்ன இடம்: பாராளுமன்றக் குழு அறை.

நாம் டிவியில் பார்ப்பது சபையில் நடக்கும் கூச்சல். உண்மையான குடைச்சல் நடப்பது பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி இருக்கும் குழுக்களில். எந்த அமைச்சரைக் கூப்பிடுவது, எந்தக் கோப்பைக் கேட்பது, விசாரணையை எப்போது மூடுவது, எல்லாம் அங்கே வாக்கெடுப்பில் முடிவாகும். பெரும்பான்மை அரசாங்கம் என்றால் ஒவ்வொரு குழுவிலும் அரசுத் தரப்புக்கு ஆள் கூட. சிறுபான்மை என்றால் எதிர்த்தரப்புகள் சேர்ந்தால் அவர்களுக்கு ஆள் கூட. இதைத் தவிர வேறு எதுவும் மாறத் தேவையில்லை.

2019இல் எஸ்என்சி-லவலின் விவகாரம் வந்தது: அந்தக் கட்டுமான நிறுவனத்தின் மீதான குற்ற வழக்கில் பிரதமர் தரப்பு நீதி அமைச்சருக்கு அழுத்தம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டு. அரசாங்கம் பெரும்பான்மை. முன்னாள் நீதி அமைச்சர் ஜோடி வில்சன்-ரேபோல்ட் பெப்ரவரி 27 அன்று நீதிக் குழுவின் முன் மணிக்கணக்கில் சாட்சி சொன்னார். நான் வேலையில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. லிபரல் உறுப்பினர்கள் மறுத்து, மார்ச்சில் விசாரணையையே முடித்துவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் நெறிமுறை ஆணையர் பிரதமர் விதியை மீறினார் என்று அறிக்கை வைத்தார்.

அடுத்த வருடம், 2020. அதே கட்சி, அதே பிரதமர், ஆனால் இப்போது சிறுபான்மை. மாணவர் உதவித் திட்டம் ஒன்றை நடத்தும் பொறுப்பைப் பிரதமரின் குடும்பத்தோடு தொடர்புள்ள ‘வீ’ தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது பிரச்சினையானது. நிதிக் குழு ஆவணங்களைக் கேட்டது. ஜூலை 30 அன்று பிரதமரே வீடியோ வழியாக அந்தக் குழுவின் முன் பதில் சொன்னார். பிறகு ஆகஸ்டில் சபையை ஒத்திவைத்தார் என்பதும் உண்மை, அந்த விவகாரத்தில் அவர் விதி மீறவில்லை என்று ஆணையர் பின்னர் சொன்னதும் உண்மை. எனக்குப் பெரிய விஷயம், நாட்டின் பிரதமர் குழுவின் முன் இருந்து பதில் சொல்ல வேண்டி வந்ததுதான்.

அதே 2020 மார்ச்சில் நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கோவிட் அவசரச் சட்டத்தின் முதல் வரைவு, 2021 டிசம்பர் வரை சபையைக் கேட்காமல் செலவழிக்கவும் வரி விதிக்கவும் நிதி அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, வரி அதிகாரம் நீங்கியது. உதவிக் காசு அதனால் நின்றுபோகவில்லை. அந்தக் கிழமை 170 பேர் இருந்திருந்தால் அந்த வரைவு என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதன் மறுபக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஆவணங்களைக் கேட்கும் அதே அதிகாரம் 2024 செப்டம்பர் கடைசியிலிருந்து சபையையே முடக்கியது. ஒரு கோப்புத் தகராறில் கன்சர்வேட்டிவ் கட்சி விவாதத்தை முடியவிடாமல் இழுத்தது. கிறிஸ்மஸ் வரை அரசாங்கச் சட்டங்கள் பெரிதாக நகரவில்லை, ஜனவரி 6இல் சபை ஒத்திவைக்கப்பட்டபோது பல சட்டமூலங்கள் செத்துப்போயின. 1979இல் ஜோ கிளார்க்கின் அரசாங்கம் பெற்றோல் வரியால் ஒன்பது மாதம்கூட நிலைக்காமல் கவிழ்ந்தது. 2021இல் பெரும்பான்மை தேடித் தேர்தல் வைத்ததில் 157 இடம் 160 ஆனதுதான் மிச்சம். இவ்வளவும் சிறுபான்மைக்குக் கொடுக்கும் விலை. அம்மாவின் பல்லையும் அந்தக் குழு அறையையும் வைத்துப் பார்த்தால் அந்த விலை எனக்குச் சம்மதம்.

2025 முடிவில்தான் கொஞ்சம் யோசனை. கட்சி அங்கீகாரத்துக்கு 12 இடம் வேண்டும். என்டிபிக்கு ஏழுதான் கிடைத்தது, குழுக்களில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. பேரம் பேசுவதற்குப் புளொக்கும் கன்சர்வேட்டிவும்தான் பெரிதாக மிச்சமிருந்தன. பல் காப்பு மாதிரி ஒன்று இதிலிருந்து வரும் என்று சொல்ல எனக்குத் துணிவிருக்கவில்லை. குழு அறையில் மட்டும் நம்பிக்கை இருந்தது.

ஜூன் 2ஆம் திகதி அண்ணா போன் எடுத்தார். “வாக்கெடுப்பில தோத்திட்டாங்கள், பாத்தியோ?” அரசாங்கம் தன் திட்டங்களைச் சொல்லும் தொடக்க உரையான அரியணை உரைக்கு எதிர்க்கட்சிகள் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தன. கோடை விடுமுறைக்கு முன் நாட்டின் வரவு செலவு நிலையைக் காட்டு என்று. 166க்கு 164, நிறைவேறிவிட்டது. அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாத திருத்தம்தான், வரவு செலவுத் திட்டம் இலையுதிர் காலத்தில்தான் என்று பிரதமர் கார்னி முன்பே சொல்லிவிட்டார். இதையெல்லாம் நான் விளக்க, அண்ணா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மார்க்கம் நகரத்தில் வைத்திருக்கும் சின்னப் பட்டறைக்கு உருக்கு எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“சரி, அந்தக் கணக்கை எப்ப காட்டுவாங்களாம்?” என்று கேட்டார்.