டோன் போயட்டா, கிளாசிக்கா, ஓஜேசியா, ஒன்-ஸ்டெப்பா: ஜாஸ் ரீஇஷ்யூல எதை வாங்கறது

ப்ளூ நோட்ங்கற ஜாஸ் கம்பெனியோட பழைய ஆல்பங்களை வினைல்ல மறுபடி போடற, அதாவது ரீஇஷ்யூ பண்ற ரெண்டு சீரிஸ்தான் டோன் போயட்டும் கிளாசிக்கும். ரெண்டுலயும் ஒவ்வொரு ரெக்கார்டு எடுத்துக்கோங்க. பாட்டு முடிஞ்சு லேபிள் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வெறுமையா ஒரு வளையம் இருக்கும்ல, அதை லைட்டுல சாய்ச்சு உத்துப் பாருங்க. ரெண்டுலயும் கேபிஜி-ன்னு கையால கீறின ஒரே அடையாளம் தெரியும், டேப்ல இருக்கற சத்தத்தை தகட்டுல கோடா வெட்டற, அதாவது கட் பண்ற இன்ஜினியர் கெவின் கிரேயோடது. ஒரே ஆளு, கோஹீரன்ட் ஆடியோன்னு அவரோட ஒரே ஸ்டூடியோ, ஒரே மாதிரி ஒரிஜினல் டேப்ல இருந்து கட் பண்ணது. ஆனா டோன் போயட்டுக்கு விலை நல்லாவே கூட. டோன் போயட்டா கிளாசிக்கான்னு யார் கேட்டாலும் நான் முதல்ல இந்த கீறலைத்தான் காட்டுவேன், ஏன்னா நீங்க கேக்கப்போற சத்தத்தோட பெரும்பகுதி அந்த இடத்துலயே முடிவாயிடுது, மிச்சம் பிரஸ்ஸிங்கும் (அதை வினைல்ல ரெக்கார்டா அடிக்கறது) அட்டையும்தான்.

சரி, அப்ப கூட குடுக்கற காசு எங்க போகுது? டோன் போயட் 2019ல ஆரம்பிச்சது. ஜோ ஹார்லி தான் அதுக்கு பொறுப்பு, டோன் போயட்ங்கறதே சாக்ஸ் வாசிக்கற சார்லஸ் லாய்ட் அவருக்கு வச்ச செல்லப்பேரு. ஹார்லி அதுக்கு முன்னாடி மியூசிக் மேட்டர்ஸ்னு ஒரு கம்பெனி மூலமா 2007ல இருந்தே ப்ளூ நோட் ஆல்பங்களை 45 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 45 சுத்து) ரெண்டு ரெண்டு எல்பியா போட்டவரு, அதைக் கேட்டுட்டுத்தான் ப்ளூ நோட் தலைவர் டான் வாஸ் அவரைக் கூப்பிட்டாரு. டோன் போயட் எல்லாம் கலிபோர்னியா கமரில்லோல இருக்கற ஆர்டிஐ பிளான்ட்ல பிரஸ் ஆகுது. அட்டை ஸ்டவுட்டன் பிரின்டிங்ல, தடிச்ச போர்டு மேல தாளை ஒட்டி பழைய காலத்து முறையில செய்யறது, விரிச்சா உள்ள பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த ரெக்கார்டிங் போட்டோ பெருசா இருக்கும். அந்த போட்டோவை கையில வச்சுக்கிட்டு பாட்டு கேக்கறது தனி சுகம், அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன்.

கிளாசிக் சீரிஸ் முதல்ல ப்ளூ நோட் 80-ங்கற பேர்ல அதே 2019ல வந்தது, அப்புறம் பேர் மாறிச்சு. பிரஸ்ஸிங் ஜெர்மனில ஆப்டிமல் பிளான்ட்ல. அட்டை சாதா, விரியாது. நாலஞ்சு வருஷமா ரெண்டையும் மாத்தி மாத்தி வாங்கிக் கேட்டதுல எனக்குப் பட்டது என்னன்னா, சத்தத்துல இருக்கற வித்தியாசம் விலைல இருக்கற வித்தியாசத்துக்கு கிட்டகூட வராது. பின்னணி அமைதில டோன் போயட் கொஞ்சம் முன்னாடி நிக்குது, அதுவும் பியானோ மட்டும் மெதுவா போற இடத்துல, ஹெட்போன் போட்டு உத்துக் கேட்டாத்தான். டிரம்ஸும் ஹார்னும் சேந்து வந்துட்டா ரெண்டும் ஒண்ணுதான்.

இன்னொரு விஷயம் பல பேர் கவனிக்கறதில்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச பெரிய ஆல்பங்கள் நிறைய கிளாசிக் பக்கம்தான் இருக்கு, ஆர்ட் பிளேக்கியோட மோனின், வேய்ன் ஷார்ட்டரோட ஸ்பீக் நோ ஈவில், எரிக் டால்ஃபியோட அவுட் டு லஞ்ச். டோன் போயட்ல பெரும்பாலும் கொஞ்சம் ஒதுங்கி நிக்கற ஆல்பங்கள், கிராண்ட் கிரீனோட நைஜீரியா, ஆண்ட்ரூ ஹில்லோட பிளாக் ஃபயர் மாதிரி, கூடவே செட் பேக்கர் சிங்ஸ் மாதிரி பசிபிக் ஜாஸ் லேபிள்ல வந்ததும் உண்டு. அதனால இது நிஜமாவே போட்டியான்னு கேட்டா பாதி போட்டிதான், உங்களுக்கு வேண்டிய ஆல்பம் எந்த சீரிஸ்ல வந்திருக்கோ அதை வாங்கிட்டு போயிட வேண்டியதுதான். புதுசா ஆரம்பிக்கறவங்க கிளாசிக்ல பத்து வாங்கி ஒரு அடித்தளம் போட்டுக்கிட்டு, அதுல யாரோட வாசிப்பு மனசுல ஒட்டுதோ அவங்களைத் தேடி டோன் போயட்டுக்கு போறதுதான் சரியான வழின்னு நான் உறுதியா நம்பறேன்.

ஒரிஜினல் பிரஸ்ஸிங் தான் வேணும்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. வளையத்துல ஆர்விஜி முத்திரையும், பிளாஸ்டிலைட் பிளான்ட்டோட காது மாதிரி குறியும் இருக்கற பழைய ப்ளூ நோட்டுக்கு ஒரு உயிர் இருக்கு, மறுக்கல. ஆனா ஆர்விஜி, அதாவது அப்போ ப்ளூ நோட்டுக்கு ரெக்கார்டு பண்ணின இன்ஜினியர் ரூடி வான் கெல்டர், அன்னிக்கு கட் பண்ணது அன்னிக்கு வீட்டுல இருந்த பிளேயருக்காக. ஊசி தாவிடக்கூடாதுன்னு அடி பேஸை அடக்கி, நடு சத்தத்தை முன்னாடி தள்ளி, கொஞ்சம் அழுத்தி கட் பண்ணுவாரு. டேப்ல அதைவிட அதிகமா இருந்தது. கெவின் கிரே கட் பண்ணதுல பால் சேம்பர்ஸோட பேஸ் வெறும் தும் தும்னு இல்லாம விரல் கம்பியை விட்டு விலகற சத்தம் வரைக்கும் வருதுன்னா அதுக்கு காரணம் இதுதான். பழசுல இருக்கற அந்த முகத்துல அடிக்கற வேகம் புதுசுல சில சமயம் குறையும், அதுவும் உண்மைதான்.

அடுத்து ஓஜேசி, அதாவது ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ். 1982ல ஃபேன்டசிங்கற கம்பெனி ஆரம்பிச்ச மலிவு விலை சீரிஸ் இது, பிரஸ்டீஜ், ரிவர்சைடு மாதிரி ஜாஸ் லேபிள் எல்லாம் அவங்க கையில இருந்ததால. அந்த எண்பதுகள் ஓஜேசி பழைய ரெக்கார்டு பெட்டில கிடைச்சா யோசிக்காம எடுங்க, பல ஆல்பம் அப்பவே நல்லா வந்தது. 2023ல கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் இதை மறுபடி எழுப்பினாங்க, இந்தத் தடவை கெவின் கிரே கட்டிங், ஆர்டிஐ பிரஸ்ஸிங், ஒட்டு அட்டை, மேல ஒரு பட்டைத் தாள். கவனிச்சீங்களா, டோன் போயட்டோட அதே ரெண்டு கை. விலையும் அது பக்கத்துலதான். மைல்ஸ் டேவிஸோட குவின்டெட் 1956ல மே 11, அக்டோபர் 26-ன்னு ரெண்டே நாள்ல நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்ல வாசிச்சு தள்ளினதுலதான் குக்கின், ரிலாக்சின், வொர்க்கின், ஸ்டீமின் நாலு ஆல்பமும் பெரும்பாலும் வந்தது. வான் கெல்டரோட அப்பா அம்மா வீட்டு ஹால் அது, தனி ஸ்டூடியோ கூட கிடையாது. இந்த சீரிஸ்ல வந்த வொர்க்கினைக் கேட்டா அந்த ஹாலோட அளவே காதுல தெரியுது. யூசுஃப் லதீஃபோட ஈஸ்டர்ன் சவுண்ட்ஸும் இதுல இருக்கு, ஓபோங்கற ஊதுகருவில அவரு வாசிக்கறதை இதுவரைக்கும் கேக்காதவங்க அதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

என்னைக் கேட்டா சத்தத்துக்கு மட்டும்னு ஒரே ஒரு சீரிஸ் சொல்லுன்னா நான் ப்ளூ நோட்டை சொல்ல மாட்டேன், கன்டெம்பரரி லேபிளைத்தான் சொல்வேன். லெஸ்டர் கோனிக் 1951ல ஆரம்பிச்ச கம்பெனி, அங்க இன்ஜினியர் ராய் டுனான். லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஆபீஸோட பார்சல் கட்டற ரூம்லயே நல்ல கண்டென்சர் மைக்கை வச்சு ரெக்கார்டு பண்ணாரு, எக்கோ எல்லாம் பூசி மெழுகாம. 1957 ஜனவரி 19ல ஆர்ட் பெப்பர், மைல்ஸோட ரிதம் செக்ஷனோட வாசிச்ச ஆல்பம் அப்படி வந்ததுதான், ரெட் கார்லண்ட் பியானோ, பால் சேம்பர்ஸ் பேஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் டிரம்ஸ். சாக்ஸ் ஒரு பக்கம், ரிதம் இன்னொரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும், முதல் தடவை விநோதமா இருக்கும், ரெண்டாவது பாட்டுக்குள்ள காது பழகிடும். இதை கிராஃப்டும் அக்கூஸ்டிக் சவுண்ட்ஸும் சேந்து ஒரு சீரிஸா போடறாங்க, கட்டிங் பெர்னி கிரண்ட்மன். அவரு அறுபதுகள்ல அதே கன்டெம்பரரிலதான் வேலை பார்த்தாரு. அந்த டேப் எப்படி ஒலிக்கணும்னு பழக்கத்துல தெரிஞ்ச ஆளு கட் பண்றாரு, கேக்கும்போது அது புரியுது.

அக்கூஸ்டிக் சவுண்ட்ஸ்னு சொன்னேன்ல, அது கன்சாஸ் மாநிலம் சலைனால சாட் கேசம் நடத்தற கம்பெனி. அனலாக் புரொடக்ஷன்ஸ் அவங்க லேபிள், கியூஆர்பி அவங்களோட சொந்த பிளான்ட். 2020ல இருந்து வெர்வ், இம்பல்ஸ் லேபிள் ஆல்பங்களையும் யுனிவர்சலோட சேந்து போடறாங்க, அதுல பெரும்பாலும் ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டூடியோவோட ரயன் ஸ்மித் கட்டிங். கோல்ட்ரேனோட எ லவ் சுப்ரீமும் பாலட்ஸும் இந்த சீரிஸ்ல கேட்டுப் பாருங்க. பிரஸ்ஸிங் அமைதின்னு வந்தா கியூஆர்பியும் ஆர்டிஐயும் தோளுக்கு தோள்.

இனிமே வர்றது விலை எகிறற இடம். யூஹெச்கியூஆர்னு ஒண்ணு இருக்கு, அனலாக் புரொடக்ஷன்ஸோடது, 200 கிராம், நிறமில்லாத வினைல், மேடு பள்ளம் இல்லாத தட்டை வடிவம், பெரிய பெட்டி. மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ இதுல வந்திருக்கு. எடையைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், 140 கிராமா 180ஆ 200ஆங்கறது காதுக்கு பெருசா எதையும் மாத்தாது, கையில எடுக்கும்போது கனமா இருக்கும், அவ்வளவுதான். கைண்ட் ஆஃப் ப்ளூல உண்மையா கவனிக்க வேண்டியது வேற. 1959 மார்ச் 2ல ரெக்கார்டு பண்ணப்போ மெயின் டேப் மிஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு, அதனால அந்த டேப்பை சரியான வேகத்துல ஓட்டினப்போ முதல் சைடு மூணு பாட்டும் சுருதி ஒரு இழை ஏறியே வந்தது. தொண்ணூறுகள்ல பேக்கப் டேப்பை எடுத்துத்தான் இதை சரி பண்ணாங்க. அதனால பழைய பிரஸ்ஸிங்கை வச்சு கூட வாசிச்சு பழகறவங்களுக்கு அதோட முதல் பாட்டு சோ வாட் கொஞ்சம் இடிக்கும். சுருதி சரி பண்ண ஒரு சாதா பிரஸ்ஸிங் கிடைச்சாலே உங்களுக்கு பெரிய விஷயம் கையில வந்தாச்சு, பெட்டி அதுக்கு அப்புறம்தான்.

ஒன்-ஸ்டெப்புன்னா என்னன்னு சுருக்கமா சொல்றேன். வழக்கமா கட் பண்ண தகடான லாக்கர்ல இருந்து ஃபாதர், அதுல இருந்து மதர், அதுல இருந்து வினைலை அடிக்கற அச்சான ஸ்டாம்பர்னு மூணு படி, மூணும் உலோக நகல். ஒன்-ஸ்டெப்ல லாக்கர்ல இருந்து நேரா ஸ்டாம்பர். நடுவுல நகல் குறையுது, ஆனா ஒரு ஸ்டாம்பர்ல கொஞ்சம்தான் அடிக்க முடியும், தேய்ஞ்சா மறுபடி புதுசா கட் பண்ணணும், அதுதான் விலைக்கு காரணம். மொபைல் ஃபிடலிட்டி இதுல பெரிய பேரு. 2022 ஜூலைல அவங்க ரொம்ப வருஷமா நடுவுல டிஎஸ்டிங்கற டிஜிட்டல் நகல் எடுத்துத்தான் பல ஆல்பத்தை கட் பண்றாங்கன்னு வெளிய வந்துச்சு, முழு அனலாக்னு நம்பி வாங்கினவங்க கொதிச்சாங்க, கேஸ் வரைக்கும் போய் செட்டில்மென்ட்ல முடிஞ்சுது. என் பார்வை இதுல தெளிவா இருக்கு. அந்த ரெக்கார்டுகள் நல்லா ஒலிக்கறது பொய்யில்ல, அத்தனை வருஷம் காதால யாரும் கண்டுபிடிக்கல. ஆனா வாங்கறவன் கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். முழு அனலாக் ஒன்-ஸ்டெப்தான் வேணும்னா கிராஃப்டோட ஸ்மால் பேட்ச் இருக்கு, எண்ணிக்கை கம்மி, வந்த வேகத்துல தீந்துடும்.

45 ஆர்பிஎம் பத்தி கேப்பீங்க. 33-ஐ விட ஒரு வினாடிக்கு 35 சதவீதம் அதிக நீளம் ஊசிக்கு கிடைக்குது, அதனால சிம்பல், டிரம்பெட் எல்லாம் சுத்தமா வரும், அதுவும் சைடு முடியற இடத்துல. ஆனா பத்து பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து திருப்பணும். எ லவ் சுப்ரீம் மாதிரி ஒரே மூச்சுல போற ஆல்பத்தை அப்படி துண்டு போட எனக்கு மனசு வரல.

தள்ளி வைக்க வேண்டியதையும் சொல்லிடணும். ஐரோப்பால 1963க்கு முன்னாடி வெளிவந்த ரெக்கார்டிங்குக்கு காப்பிரைட் முடிஞ்சு போச்சு, அதனால யார் வேணா போடலாம், பல பேர் போடறாங்க, பெரும்பாலும் சிடில இருந்து எடுத்து. நான் ஒரு பில் எவான்ஸ் ட்ரியோ அப்படி வாங்கினேன், யாரோடதுன்னு வேணாம், நடு ஓட்டை மையத்துல இல்லாம பியானோ தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆடிச்சு, நீண்ட சுரம் ஒவ்வொண்ணும் அலையடிக்குது. பில் எவான்ஸுக்கு அது நடக்கக்கூடாது. அட்டைல எந்த டேப், யாரு கட் பண்ணாங்கன்னு ஒரு வரி கூட இல்லன்னா வாங்காதீங்க. தீந்து போச்சுன்னு மூணு மடங்கு விலை சொல்றவங்க கிட்டயும் வாங்காதீங்க, டோன் போயட்ல பல ஆல்பம் திரும்பத் திரும்ப பிரஸ் ஆகி வருது, காத்திருந்தா கிடைக்கும். ஊசியும் பிளேயரும் சாதாவா இருக்கும்போது யூஹெச்கியூஆர் வாங்கறது குருவி தலையில பனங்காய் வைக்கற கதைதான், அந்தக் காசை முதல்ல ஊசி இருக்கற நல்ல கார்ட்ரிட்ஜுக்கும் ரெக்கார்டு கழுவற சாமானுக்கும் போடுங்க.

கடைசியா நானே ரெண்டையும் வச்சு முடிவெடுத்த ஒண்ணு, கோல்ட்ரேனோட ப்ளூ ட்ரெயின். 1957 செப்டம்பர் 15, அதே ஹேக்கன்சாக் ஹால். டோன் போயட் 2022ல இதை ரெண்டு விதமா போட்டாங்க, மோனோ ஒரு எல்பி, ஸ்டீரியோ, ஆல்பத்துல வராத மிச்ச டேக்கோட (வேற தடவை வாசிச்சது) சேத்து ரெண்டு எல்பி. அந்த சமயத்துல வான் கெல்டர் ஸ்டீரியோல டேப் ஓடவிட்டாலும் கேட்டு சரி பண்ணது மோனோலதான். ஸ்டீரியோல ஹார்னெல்லாம் பிரிஞ்சு அழகா இருக்கு, விட்டுப்போன டேக்கும் கிடைக்குது, ஆராய்ச்சிக்கு அதுதான். ஆனா கோல்ட்ரேன், லீ மார்கன், கர்ட்டிஸ் ஃபுல்லர் மூணு பேரும் ஒண்ணா சேந்து அந்த முதல் வரியை ஊதும்போது மோனோல அது ஒரே சுவரா வந்து நெஞ்சுல மோதுது. நான் மோனோவை வச்சுக்கிட்டேன்.