ஹோல்பைனின் ‘தூதர்கள்’ அசல் அளவில்: கிளிநொச்சிக் கடையின் பிரின்ற் எப்படி?

எங்கட பாடசாலை விஞ்ஞான அறைச் சுவருக்காக, ஹான்ஸ் ஹோல்பைன் 1533 இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தை ஏ9 வீதியோரக் கடையொன்றில் பிளெக்ஸில் அடித்து எடுத்தேன். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் அசல் 207 சென்ரிமீற்றர் உயரம், 209.5 சென்ரிமீற்றர் அகலம். அதே அளவுதான் வேண்டும் என்று நின்றேன். 49 சதுர அடிக்குக் காசு எடுத்தார்கள், ஓரம் வெட்டாமல் தந்தார்கள்.

வேலை நல்ல வேலை. லூட் வாத்தியத்தின் அறுந்த நரம்பு தெளிவாகத் தெரிகிறது. இடது மேல் மூலையில் திரைக்குப் பின்னால் பாதி மறைந்த சிலுவையும் இருட்டில் அமுங்கிப் போகவில்லை. பச்சைத் திரை மட்டும் கொஞ்சம் நீலம் அடிக்கிறது.

நான் இவ்வளவு பாடுபட்டது, படத்தில் இரண்டு ஆண்களுக்கு நடுவே நிற்கும் அடுக்கின் மேல்தட்டில் இருக்கும் கருவிகளுக்காகத்தான். வானக்கோளம், கால்வட்டமானி (வானத்தில் சூரியன் நிற்கும் உயரத்தை அளக்கும் கருவி), பலமுகச் சூரியக் கடிகாரம் எல்லாம் உண்மையான பருமனில் நிற்கும்போது பிள்ளைகள் கிட்டப் போய்க் கோடுகளை எண்ணுகிறார்கள். உருளைச் சூரியக் கடிகாரத்தை வைத்து ஒரு பாடமே எடுத்தேன். உருளையின் தலையில் கிடையாக ஒரு முள். அதன் நிழல் உருளையில் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைப் பார்த்து நேரம் சொல்வார்கள். சூரியன் ஏற ஏற நிழல் நீளும். இலண்டனில் சூரியன் ஒருநாளும் உச்சந்தலைக்கு வராது, அதனால் அங்கே நிழல் உருளைக்குள் அடங்கும். எங்கட சித்திரை மத்தியானத்தில் சூரியன் நேரே மேலே நிற்க, நிழல் உருளையைத் தாண்டியே போய்விடும். பி.வி.சி. குழாயில் ஆணி பொருத்தி முற்றத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். எனக்கு அந்த ஒரு பாடத்துக்கே கொடுத்த காசு சரி.

கடையில் முதலில் எடுத்துக் காட்டியது பளபளப்பு வகை. இந்த ஓவியத்துக்கு அது சரிவராது. கீழே சாய்வாக இழுபட்டிருக்கும் மண்டையோடு வலப்பக்கச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தால்தான் உருவம் எடுக்கும்; அந்தக் கோணத்தில் யன்னல் வெளிச்சம் பளபளப்பில் பட்டால் ஒன்றும் தெரியாது. பளபளப்பில்லாத ‘மற்’ (matte) வகையைக் கேட்டு வாங்குங்கள். “கீழே படம் பழுதாகியிருக்கு, நேராக்கி விடட்டோ ரீச்சர்?” என்று தம்பி அக்கறையோடு கேட்டார், விளக்கியதும் அவரும் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டுத்தான் அடித்தார்.

அடுத்தது நிக்கோலாஸ் கிராட்சரின் உருவப்படம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் வானியலாளர் அவர். 1528 இல் ஹோல்பைன் வரைந்த அந்தப் படத்தில், இன்னும் முடியாத பலமுகக் கடிகாரம் அவர் கையில் இருக்கிறது. அதையும் இங்கேதான் கொடுப்பேன். போகிறவர்கள் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், தரம் குறைந்துவிடும். பென்ட்றைவில் கொண்டுபோங்கள்.