மழைக்காட்டுக்கு எந்த மிலிட்டரி பூட்ஸ்: அமெரிக்க ஜங்கிளா, ஜெர்மன் தோலா?

வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பூட்ஸ் பற்றிக் கேட்கிறவர்களும்தான். கடையில் புது ட்ரெக்கிங் ஷூ எடுப்பதா, ராணுவம் கழித்துவிட்ட பூட்ஸைக் குறைந்த விலையில் எடுப்பதா? இரண்டாவதுதான் என்றால், இங்கே கைக்குக் கிடைப்பவற்றில் பேசத்தக்கவை இரண்டு: அமெரிக்க ராணுவத்தின் ஜங்கிள் பூட்ஸ், ஜெர்மன் ராணுவத்தின் கறுப்புத் தோல் பூட்ஸ். நான் ஜங்கிள் பூட்ஸ் ஆள். ஜெர்மன் ஜோடி என் மைத்துனருடையது. இரவல் வாங்கி நடந்த அளவில்தான் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை.

வால்பாறை, டாப்ஸ்லிப், நீலகிரிச் சரிவு மாதிரியான ஈரக்காட்டில் மழைக்காலத்தில் நடக்கிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கோடையில் ஏலகிரிக்குப் போய்வர இவ்வளவு யோசனை வேண்டாம், வீட்டில் கிடக்கும் ஷூவே போதும்.

கணுக்காலை இறுக்கிப் பிடிப்பது, முள் குத்தாமல் காப்பது, முரட்டுத்தனமாக உழைப்பது, இவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் கனம். இரண்டையும் போட்டுக்கொண்டு முதல் நாளே நீண்ட நடை போனால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம்.

ஜெர்மன் பூட்ஸின் பெருமை அதன் தோல். முழுத் தோல், கெட்டியான தையல். போட்டுப் பழகியபின் காலோடு ஒட்டி உட்காரும். கொடைக்கானல் குளிருக்கும் காய்ந்த மலைப்பாதைக்கும் அருமை. அளவு எழுதும் முறையும் எனக்குப் பிடிக்கும்: 270/104 என்று மில்லிமீட்டரில் இருக்கும். முதல் எண் பாதத்தின் நீளம், இரண்டாவது அகலம். ஒரு காகிதத்தில் காலை வைத்து வரைந்து அளந்தால் முடிந்தது வேலை.

சிக்கல் ஓடையில் தொடங்குகிறது. முழங்கால் தண்ணீரில் இறங்கினால் எந்த பூட்ஸுக்குள்ளும் மேல்வழியாகத் தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் விடாத தோல், உள்ளே வந்த தண்ணீரை வெளியேயும் விடாது. அப்புறம் நாள் முழுக்க ஊறிய காலோடுதான் நடை. ராணுவம் கொடுத்தது என்பதாலேயே எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்று நினைப்பதும் தவறு. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் வீரர்களின் குட்டைத் தோல் பூட்ஸ் அந்தத் தீவின் சதுப்பு நிலத்தில் நனைந்தபடியே கிடந்து, பலருக்குக் கால் ஊறிப் புண்ணானது. போர் முடிந்த கையோடு உயரமான புது பூட்ஸுக்கு மாறினார்கள்.

ஜங்கிள் பூட்ஸ் இதற்கு நேர் எதிரான எண்ணத்தில் பிறந்தது. தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், வந்தது வெளியே போகட்டும் என்பதுதான் அதன் கணக்கு. 1960களில் வியட்நாமுக்காக அமெரிக்கர்கள் செய்தது. கீழ்ப்பாதி தோல், மேல்பாதி கான்வாஸ். பாதத்தின் உட்புற வளைவில் வலை வைத்த சின்ன ஓட்டைகள் இருக்கும். ஓடையைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பூட்ஸுக்குள் நிற்கும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே போகும். கால் உலர்ந்துவிடாது, ஆனால் குளமாகத் தேங்கியும் நிற்காது. வியட்நாம் காலத்து ஜோடிகளில், காட்டில் எதிரிகள் நட்டுவைத்த கூரான மூங்கில் குச்சிகள் குத்தாமலிருக்க பூட்ஸின் அடிக்குள் எஃகுத் தகடும் உண்டு. அது இருந்தால் அடி வளைய மறுக்கும். விமான நிலையச் சோதனையில் கூவும்.

அடியின் வடிவத்துக்குப் பெயர் பனாமா சோல். 1944இல் ரேமண்ட் டோபி என்ற அமெரிக்க ராணுவ சார்ஜென்ட் உருவாக்கியது. அடியில் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகள் சாய்வாகவும் இடைவெளி விட்டும் இருப்பதால், மிதிக்கும்போதே சேறு பக்கவாட்டில் பிதுங்கி உதிரும். தேயிலைத் தோட்டத்துச் செம்மண் சேற்றில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கிலோ மண்ணைக் காலில் சுமந்து வரும்போது இதன் அருமை தெரியும்.

சரி, இதெல்லாம் இரண்டாம் பட்சம். பழைய மிலிட்டரி பூட்ஸ் வாங்குவதில் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: அடி எதனால் ஆனது, அதற்கு வயது என்ன.

கழித்துவிட்ட சாமான் என்றாலே அது கிடங்கில் பல வருடம் கிடந்தது என்றுதான் அர்த்தம். தோல் அதைத் தாங்கும், கான்வாஸ் தாங்கும், கெட்டி ரப்பரும் பெரும்பாலும் தாங்கும். பாலியூரித்தேன் தாங்காது. இன்றைய ஷூக்கள் பலவற்றிலும், பிற்கால ராணுவ பூட்ஸ்கள் சிலவற்றிலும் மெத்தென்று இருக்கும் அந்த நுரை அடி, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே சிதையும். போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நடக்கும். சொல்லப்போனால், போடாமல் பெட்டியில் மூடிவைத்ததுதான் சீக்கிரம் போகிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நம் ஊரில் இன்னும் வேகம். வெளியே பார்க்கப் புத்தம்புதிதாக, பெட்டி பிரிக்காததாக இருக்கும். அழுத்தினால் ஊறிய ரஸ்க் மாதிரி உதிரும்.

எங்களோடு வால்பாறைப் பக்கம் வந்த ஒருவருக்கு இதுதான் ஆனது. பெயர்பெற்ற ஐரோப்பிய ராணுவத்து ஜோடி, ஒரு கீறல்கூட இல்லை. பாதி வழியில் வலது அடி மொத்தமாகக் கழன்றது, கொஞ்ச நேரத்தில் இடதும் கூடவே போனது. கூடாரக் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினார். விற்றவரைக் கேட்டால், போடவே இல்லையே, புதுசுதானே என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பனாமா சோலில் இந்த வம்பு இல்லை. அது கெட்டி ரப்பர், தோலோடு சேர்த்து அச்சில் நேரடியாக வார்த்தது. வயதானால் இறுகும், வளையும் இடத்தில் வெடிப்பு விடும். ஆனால் அது வாங்கும்போதே கண்ணுக்குத் தெரியும், காட்டுக்குள் வைத்துக் கழுத்தறுக்காது. ஜெர்மன் பூட்ஸில் காலத்துக்கும் தயாரிப்பாளருக்கும் ஏற்ப அடி மாறும். ஆகவே ‘ஜெர்மன் பூட்ஸ் நல்லது’ என்று மொத்தமாகச் சொல்வதில் பொருளில்லை, கையில் இருக்கும் ஜோடியைத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? அடியின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். கெட்டி ரப்பர் எதிர்த்து நிற்கும். நுரை அமுங்கும், சிதையத் தொடங்கியதென்றால் பிசுபிசுக்கும், அல்லது பொடி கையோடு வரும். பிறகு முன்பகுதியை நன்றாக மடக்கி, வளைவில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆன்லைனில் வாங்குவதென்றால் அடியின் பக்கவாட்டுப் படமும், உள்ளே இருக்கும் முத்திரையின் படமும் கேளுங்கள். அமெரிக்க ஜோடியில் ‘டி.எல்.ஏ. 100-87-சி’ என்ற வகையில் ஒப்பந்த எண் இருக்கும். நடுவில் உள்ள இரண்டு இலக்கம்தான் ஆண்டு. 87 என்றால் 1987. ராணுவப் பொருள் எண் 8430 என்று தொடங்கும், அது ஆண்கள் காலணிக்கான வகை எண். இந்த இரண்டும் இல்லையென்றால் அநேகமாக அது அந்தப் பாணியில் செய்த நகல். டெல்லி கண்டோன்மென்ட் கோபிநாத் பஜார் மாதிரி இடங்களில் கிடைப்பவையும் பெரும்பாலும் படைவீரர்களுக்கான புதுச் சாமான்தான், கிடங்கிலிருந்து கழித்தது அல்ல. நகல் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. அடி வார்த்ததா, வெறும் பசையில் ஒட்டியதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பழுதுபார்ப்பதும் இதே அடியைப் பொறுத்ததுதான். அடி ஓரம் லேசாகப் பிரிந்தால், நம் ஊர்ச் செருப்புத் தைக்கிறவர் கொக்கி ஊசியும் நைலான் நூலும் வைத்துச் சுற்றித் தைத்துக் கொடுத்துவிடுவார். கெட்டி ரப்பரில் அந்தத் தையல் நிற்கும். நுரையில் நூலே அதை அறுத்துக்கொண்டு வந்துவிடும். ஆனால் பனாமா சோல் முழுதாகத் தேய்ந்துவிட்டால் ஜங்கிள் பூட்ஸின் கதை முடிந்தது, புது அடி போடுவது பெரும்பாடு. தையலில் அடி சேர்த்த பழைய தோல் பூட்ஸ் கிடைத்தால் இந்த ஒரு விஷயத்தில் அதற்கே வெற்றி. திரும்பத் திரும்ப அடி மாற்றலாம்.

பராமரிப்பில் தோல் கொஞ்சம் செல்லப்பிள்ளை. நனைந்தால் உள் அட்டையை உருவி, செய்தித்தாள் திணித்து, நிழலில் வைக்க வேண்டும். அவசரப்பட்டு அடுப்போரம் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். மைத்துனரின் ஜோடி ஒரு மழை வாங்கினால் காய இரண்டு மூன்று நாள் ஆகிறது, ஊட்டியில் என்றால் அதற்குள் பூஞ்சை பூத்துவிடும். கான்வாஸ் சீக்கிரம் காயும், கீழ்ப்பாதித் தோலுக்கு மட்டும் கொஞ்சம் பாலிஷ்.

ஜங்கிள் பூட்ஸின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாசி படிந்த ஈரப்பாறையில் பனாமா சோல் நம்பத்தகுந்ததல்ல, அதுவும் இறுகிய பழைய ரப்பர் என்றால் வழுக்கும். அந்த இடத்தில் நல்ல புது ட்ரெக்கிங் ஷூவின் பிடிப்பு பல மடங்கு மேல். ரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இது தடையில்லை. லேஸ் ஓட்டை, கழுத்து, எங்கே வழி கிடைத்தாலும் ஏறிவிடும், அட்டைக் காலுறை தனியாக வேண்டும். பாத வளைவுக்குத் தாங்கல் என்று உள்ளே எதுவும் கிடையாது. தட்டைப்பாதம் உள்ளவர்கள் நல்ல இன்சோலுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பனியில் நான் இதைப் போட்டதில்லை, ஆனால் தண்ணீர் போக ஓட்டை வைத்த பூட்ஸைப் பனிக்குப் பரிந்துரைக்க யோசிக்கவே வேண்டாம்.

இவ்வளவு செலவு எதற்கு என்பவர்களுக்கு நம் ஊர் ஹண்டர் ஷூ இருக்கிறது. கான்வாஸும் ரப்பரும்தான், விலை சொற்பம், சீக்கிரம் காயும். வனக் காவலர்கள் பலர் அதைப் போட்டுக்கொண்டே நம்மைவிட வேகமாக ஏறுகிறார்கள். அவர்கள் கால் பழகிய கால். கனமான பையோடு கல்லில் இறங்கும்போது அந்த மெல்லிய அடி என் பாதத்துக்கு ஒத்துவரவில்லை.

அளவில் ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. அமெரிக்க எண் அதைவிட ஏறத்தாழ ஒன்று கூடுதல். இங்கே 8 போடுகிறவர் அங்கே 9 எடுக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து அகலத்தைக் குறிக்கும்: ஆர் என்றால் சாதாரணம், டபிள்யூ என்றால் அகலம். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும், பலருக்கு டபிள்யூதான் சரிப்படும். கனமான காலுறை போட்டு, மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

பூட்ஸ் போடுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. படைவீரர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு அவர்கள் உடை அணிவதுதான் பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவில் குற்றம். இருந்தாலும் பூட்ஸோடு சேர்த்துப் புள்ளிபோட்ட பச்சைச் சட்டையும் பேன்ட்டும் மாட்டிக்கொண்டு வனச் சோதனைச்சாவடிக்குப் போகாதீர்கள். வாசலிலேயே அரை மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.