எம்9 என்று நம்பி வாங்கிய 500 ஆப்பிள் செடிகள்

என் மனைவியின் ஊர் இமாச்சலத்தில், சிம்லா மாவட்டம் தானேதார் பக்கம். அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-ல் ரெட் டெலிசியஸ் ஆப்பிள் ரகத்தைக் கொண்டுவந்து நட்ட அதே மலை. மாமனாரின் பழைய மரங்களுக்கு வயதாகிவிட்டது என்று, 2021 குளிர்காலத்தில் 2 பிகாவை, நம் கணக்கில் சுமார் 40 சென்ட், மாற்றி நட்டோம். அடுத்த நடவுக்குச் செடி ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நடவு முறையைப் பற்றிச் செடி விற்க வந்தவர் சொன்னதெல்லாம் உண்மைதான். விதை நாற்றில் ஒட்டிய பெரிய மரத்துக்கு 20 அடி இடைவெளி வேண்டும். நடுவைத் திறந்துவிட்டுக் கவாத்து செய்ய வேண்டும், பலனுக்கு ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். ஒல்லியான மரங்களை நெருக்கி நடும் டால் ஸ்பிண்டில் முறையில் வரிசைக்கு 3 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் போதும். நடுத்தண்டு ஒன்றே ஒன்று. பக்கக் கிளைகளைக் கீழே வளைத்துக் கட்டினால் மூன்றாம் வருஷமே காய்க்கும். ஆனால் அடியில் இருப்பது எம்9 போன்ற குட்டை வேர்ச்செடியாக, அதாவது மேலே ஒட்டும் ரகத்தை உயரமாக வளரவிடாத அடிச்செடியாக, இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். எம்9 என்று அவர் சொன்னதை நம்பி, செடிக்கு 450 ரூபாய் என்று 500 செடி வாங்கினோம். கம்பம், கம்பி, சொட்டுநீர்ச் செலவு தனி.

மூன்றாம் கோடையில் மரங்கள் 12 அடியைத் தாண்டின. கட்டிய கிளையிலிருந்தெல்லாம் நீர்த்தண்டுகள், அதாவது காய்க்காமல் வளர மட்டும் செய்யும் தண்டுகள், நெட்டுக்குத்தாகக் கிளம்பின. பூ மட்டும் எங்கோ ஒன்றிரண்டு. செடி விற்றவருக்குப் போன் செய்தால், "யூரியா அதிகம் போட்டிருப்பீர்கள், இல்லையென்றால் ஒட்டை மண்ணுக்குள் புதைத்து நட்டிருப்பீர்கள்" என்றார். புதைந்தால் ஒட்டுக்கு மேல் பகுதியே வேர்விட்டு மரம் பெரிதாகிவிடும் என்பது சரிதான். ஆனால் எங்கள் ஒட்டு எல்லாம் தரைக்கு அரையடி மேலே இருந்தது. யூரியா பக்கமே மாமா போகவில்லை.

கடைசியில் ஒரு மரத்தைத் தோண்டிப் பார்த்தோம். எம்9 வேர் எளிதில் ஒடியும், அதனால்தான் அதற்குக் கம்பமே தேவைப்படுகிறது. இதைப் பெயர்க்க இரண்டு பேர் கடப்பாரையோடு அரை நாள் போராடினோம். அடியில், நர்சரியில் ஆணிவேரை நறுக்கிய பழைய வெட்டு இருந்தது. அதிலிருந்து கட்டைவிரல் பருமனில் வேர்கள் கிளைத்து நேராகக் கீழே போயிருந்தன. தாய்ச்செடித் தண்டில் மண் அணைத்து வேர்விட வைத்துப் பிரிப்பதுதான் எம்9. அதற்கு ஆணிவேரே கிடையாது. எங்களுக்கு வந்தது விதை நாற்று. மாமா அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பில்லை எடுத்துப் பார்த்தால் "ஆப்பிள் செடி 500" என்று மட்டும் இருக்கிறது. எம்9 என்ற எழுத்தே இல்லை, அதனால் பிடித்துக் கேட்க வழியில்லாமல் போய்விட்டது. நீங்கள் வேர்ச்செடியின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கட்டு வந்ததும் நான்கைந்து செடியின் அடியைக் கழுவிப் பாருங்கள். தண்டின் பக்கங்களிலிருந்து சல்லிவேர்கள் வந்திருக்க வேண்டும். நடுவில் ஆணிவேரோ அதை வெட்டிய தடமோ தெரிந்தால் மீதிச் செடிகளைப் பிரிக்காமல் கட்டோடு திருப்பி அனுப்பிவிட்டு, அப்புறம் பேசுங்கள்.