நாலு பேர் சேர்ந்த பிறகும் பயமுறுத்தும் கேம் எது?

ஹாரர் கேமுக்குள் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போனால் பாதிப் பயம் வாசலிலேயே கழன்றுவிடும். காதில் ஒருவன் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தால் எந்தப் பேய்க்குத்தான் மரியாதை இருக்கும்? அதனால் கிராபிக்ஸ், மேப்பின் பரப்பு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, நண்பர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடும் கோ-ஆப்பிலும் இந்த நாலு கேமில் எது வயிற்றைக் கலக்குகிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

2018இல் முழுமையாக வெளிவந்த தி ஃபாரஸ்ட்டில், கணினியில் எட்டுப் பேர் வரை சேரலாம். விமானம் விழுந்த காட்டில், தூக்கிச் செல்லப்பட்ட மகனைத் தேடும் கதை. அங்கே இருக்கும் நரமாமிசக்காரர்கள் ஆரம்பத்தில் உடனே பாய்வதில்லை. ஒருவன் மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பான், நாலடி நெருங்குவான், சட்டென்று ஓடிவிடுவான். அடித்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. ஆனாலும் கூட்டமாகச் சுவர் எழுப்பும்போது இதெல்லாம் வேடிக்கையாகிவிடும். லைட்டர் வெளிச்சத்தில் குகைக்குள் இறங்கும்போதுதான் அரட்டை தானாக நிற்கும். முன்னால் யார் போவது என்ற தகராறும் அங்கேதான் தொடங்கும்.

அதன் அடுத்த பாகமான சன்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட், 2023 பிப்ரவரியில் ஏர்லி ஆக்சஸில், அதாவது வேலை முடியும் முன்பே விற்பனைக்கு வந்து, ஒரு வருடம் கழித்து முழுமை பெற்றது. அழகில் அண்ணனைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பருவம் மாறும், பனிக்காலத்தில் சாப்பாட்டுக்கு அலைய வேண்டும். கூடவே கெல்வின் என்று காது கேட்காத ஒரு தோழன். நோட்டில் எழுதிக் காட்டினால் கட்டைகளைச் சுமந்து வருவான். நம் வீட்டைத் தாங்கும் மரத்தையே அவன் வெட்டிச் சாய்த்த கதைகள் பிரபலம். அவனால் கேம் கலகலப்பாகிறது, பயம் நீர்த்துப்போகிறது. தங்குவதற்கான பேஸ் கட்டுவதில்தான் ஆசை என்றால் இதையே எடுங்கள்.

செவன் டேஸ் டு டை, ஹாரர் என்பதைவிடக் கட்டட வேலை. ஏழு நாளுக்கு ஒருமுறை இரத்த நிலா. இரவு பத்து மணிக்கு ஜோம்பிக் கூட்டம் வரும். கேமின் ஒரு நாள் இயல்பு அமைப்பில் நிஜத்தில் ஒரு மணி நேரம். ஆக ஏழு மணி நேரம் உழைத்துக் கட்டியதற்கு ஓர் இரவில் பரீட்சை. தூண் உடைந்தால் மேல்தளமும் சரியும். பதற்றம் நிறைய உண்டு, ஆனால் தேதி தெரிந்த பயம் பாதிப் பயம்தான்.

சரி, ப்ராஜெக்ட் ஜோம்பாய்டுக்கு வருவோம். 1993ஆம் வருடக் கென்டக்கி. மேலிருந்து சாய்வாகத் தெரியும், பொம்மை வீடு போன்ற காட்சி. பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். தொடங்கும்போதே 'நீ செத்தது இப்படித்தான்' என்று சொல்லிவிடும். இப்போதைய கோ-ஆப் 2021 டிசம்பரில் வந்த பில்ட் 41 என்ற பதிப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

இயல்பு விதிகளின்படி, ஜோம்பியின் கீறல் பட்டால் நோய் தொற்ற 7 சதவீத வாய்ப்பு. கடிபட்டால் சாவு நிச்சயம். ஆனால் சாக இரண்டு மூன்று நாள் ஆகும். எங்கள் ஆட்டம் ஒன்றில், பொருள் தேடி லூட்டுக்குப் போய் வந்த நண்பன் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தான். கேட்டால் 'சும்மா கீறல்தான்டா' என்றான். மருத்துவச் சோதனை செய்து பார்க்கலாம் என்றால் நகர்ந்து நகர்ந்து போனான். அன்று வெளியே இருந்த ஜோம்பிகளை யாரும் கவனிக்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அவன் ஜோம்பியாக எழுந்தபோது தோளில் எங்கள் மொத்த மருந்துப் பையும் இருந்தது. அடித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

மற்ற மூன்றிலும் நண்பன் பாதுகாப்பு. இதில் அவனே சந்தேகத்துக்குரியவன். என் ஓட்டு இதற்குத்தான். குகைக்காகத் தி ஃபாரஸ்ட் இரண்டாவது. அப்புறம், எதை எடுத்தாலும் தனி சர்வர் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தன் கணினியில் ஆட்டத்தை நடத்தும் ஹோஸ்ட் தூங்கப் போனதும் உலகமும் மூடிவிடும்.