குழந்தைக்கு இரண்டாம் மொழி: எந்த வழி நமக்கு ஒத்துவரும்?

திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு இருக்கிறது. பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அங்கே குடியேறியது. அவர்களுடைய ஆறு வயதுப் பையன் நான்கைந்து மாதம் வாயே திறக்கவில்லை. மற்ற பிள்ளைகள் விளையாடுவதைச் சுவரோரம் நின்று பார்ப்பான், அவ்வளவுதான். ஒரு நாள் பந்து எங்கள் வாசலுக்குள் விழுந்தது. பின்னாலேயே ஓடிவந்தவன், "ஏனுங்க, பந்து உள்ள வந்துச்சுங்களா?" என்றான். மரியாதைக்கு வரும் 'ங்க' இரண்டும் இடம் தவறாமல் விழுந்திருந்தன. அன்றைக்குத்தான் என் மகளின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அடுத்த தவணையைக் கட்டிவிட்டு வந்திருந்தேன். ஓராண்டில் அவள் கற்றது தன் பெயரையும் அப்பா பெயரையும் ஆங்கிலத்தில் ஒப்பிப்பது.

அந்தப் பையன் பேசாமல் இருந்த மாதங்கள் வீண் இல்லை. புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் பலர் முதலில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். புரிதல் முன்னே வரும், பேச்சு பின்னே வரும். இது தெரியாமல்தான் நாம் மூன்றாம் மாதமே "எங்கே, இங்கிலீஷில் சொல்லு" என்று விருந்தாளிகள் முன்னால் நிறுத்துகிறோம்.

இங்கே பெற்றோர் அதிகம் எடுக்கும் வழி, வீட்டில் முழுக்க ஆங்கிலம். ஆங்கிலத்தில் சரளமாகச் சண்டை போடவும் கதை சொல்லவும் முடிந்தவர்களுக்கு இது பொருந்தும். நானும் முயன்றேன். ஒரு மாலை நான் பேசியதை எண்ணிப் பார்த்தேன்: கம், சிட், ஈட், டோன்ட் டச், கோ டு பெட். எல்லாமே ஏவல். சுவரில் ஓடும் பல்லி ஏன் விழுவதில்லை என்று அவள் கேட்டால் தமிழில் அரை மணி நேரம் பேசுவேன். ஆங்கிலத்தில் "தட் இஸ் லிசார்ட்" என்பதோடு முடிந்துவிடும். இதில் ஆங்கிலமும் வளரவில்லை, பேச்சும் குறைந்தது.

அடுத்தது, ஆளுக்கொரு மொழி. பிரெஞ்சுக்காரரான ரோன்ஜா, தன் மகனிடம் தான் பிரெஞ்சும் மனைவி ஜெர்மனும் பேசி வளர்த்ததை 1913இல் நூலாக எழுதினார். இருவரும் பேசியது அவரவர் தாய்மொழி. நம் ஊரில் இதைப் பின்பற்றுகிறவர்கள் மறப்பது அதைத்தான். பாலக்காட்டு அம்மாவும் பொள்ளாச்சி அப்பாவும் இருக்கும் வீட்டில் இது அழகாக நடக்கும். ஆனால் அப்பா ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு வருகிறார் என்றால் அவர் பங்கு மொழி பட்டினிதான்.

வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று என்பது கொங்கு நாட்டுக்குப் பழகிய வழி. கோவைப் பக்கம் கன்னடம் பேசும் தேவாங்கர் வீடுகளிலும் தெலுங்கு பேசும் வீடுகளிலும் பிள்ளைகள் தமிழை யாரும் கற்றுத்தராமலே பேசுகிறார்கள். விளையாட்டில் சேர அது தேவை, அதனால் வருகிறது. சிக்கல் என்னவென்றால், ஆங்கிலத்துக்கு நம்மிடம் தெரு இல்லை. பள்ளிதான் தெருவாக வேண்டும். அங்கேயும் பொறுமை வேண்டும்: பேச்சு வழக்கு சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடம் படிக்கும் அளவு மொழி வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்று கனடாவில் ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் கண்டார். ஆங்கிலத்தில் அரட்டை அடிக்கும் பிள்ளை வாய்ப்பாட்டுக் கணக்கில் திணறாமல், அதையே சொற்களில் எழுதிக் கேட்கும்போது திணறினால் அது மந்தம் அல்ல.

செல்போன் கார்ட்டூனை நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2003இல் அமெரிக்காவில் பேட்ரிசியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்கச் செய்தார்கள். நேரில் ஆள் பேசி விளையாடியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன; அதே ஆளை வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. பெரிய பிள்ளைகள் திரையிலிருந்து சொற்களைப் பொறுக்குவார்கள்தான். ஆனால் திரை திருப்பிக் கேள்வி கேட்காது.

நான் வகுப்பை நிறுத்திவிட்டேன். பகல் முழுக்கத் தமிழ். இரவில் இருபது நிமிடம் ஆங்கிலப் படக்கதை ஒன்று, அவள் கேட்டால் அதே கதையை மறுபடியும். நடுவில் தமிழ் கலந்தால் தடுப்பதில்லை. இரு மொழிப் பிள்ளைகள் கலந்து பேசுவது குழப்பம் அல்ல. போன வாரம் "ஐ ஈட்டட் முறுக்கு" என்றாள். மகிழ்ச்சியாக இருந்தது. 'ஈட்டட்' என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. இறந்தகால விதியை அவளே கண்டுபிடித்துப் பொருத்தியிருக்கிறாள். "ஓ, யூ ஏட் முறுக்கு?" என்று மட்டும் திருப்பிச் சொன்னேன்.

பின்வீட்டுப் பையனோடு இப்போது பாண்டி ஆடுகிறாள். கட்டங்களைத் தாண்டும்போது அவனைப் போலவே எக, துயி, தினி என்று ஒடியாவில் எண்ணுகிறாள்.