பெண்களுக்கான இன்சோல்: இரண்டாவது ஜோடியிலிருந்து எழுதுகிறேன்

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டியூட்டி முழுக்க வெள்ளை ஷூ, டைல்ஸ் தரை, ஓயாத நடை. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் போடும் இன்சோலைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் பெட்டியைப் பிரித்த வாரமே எழுதிவிடுகிறார்கள். ஒரு ஜோடியாவது தேயட்டும் என்று நான் காத்திருந்தேன்.

எனக்கு வலி முட்டிச்சில்லுக்குப் பின்னால். படி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். பஸ்ஸில் ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் சுருக்கென்று பிடிக்கும். எக்ஸ்ரேயில் தேய்மானம் எதுவும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் என்னை ஒற்றைக்காலில் நிற்கவைத்து, மெதுவாக முட்டியை மடக்கச் சொல்லி, என் போனிலேயே வீடியோ எடுத்துக் காட்டினார். பாதத்தின் உள்வளைவு தரையைப் பார்த்துச் சரிகிறது, கூடவே முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு உள்பக்கம் திரும்புகிறது, முட்டி கட்டைவிரலையும் தாண்டி உள்ளே போகிறது. பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தேன். குதிகாலின் உள்விளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது.

பெண்களுக்குத் தொடை எலும்பு முட்டிக்கு வந்து சேரும் சாய்வு, ஆண்களைவிடச் சில டிகிரி கூடுதல். முட்டியின் முன்பக்க வலி நமக்கு அதிகமாக வருவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அதற்காக இன்சோல் பெட்டியில் ‘பெண்களுக்கானது’ என்று போட்டிருப்பதையெல்லாம் நம்பிவிட வேண்டாம், பாதிக்குப் பாதி அது வெறும் ரோஸ் கலர்தான். பார்க்க வேண்டியது குதிகால் உட்காரும் குழி. முன்பாதத்தோடு பார்த்தால் நம் குதிகால் ஒடுக்கம். ஆண்களுக்கான இன்சோலில் சின்ன சைஸைப் போட்டால் குதிகால் அதில் இங்குமங்கும் ஆடும், வளைவும் தன் இடத்தில் வந்து பொருந்தாது. ஒடுங்கிய குழி இருக்கிற இன்சோலைப் போட்டதும் இந்த வித்தியாசம் தெரிந்தது.

ஜெல் இன்சோல் வேறு விஷயம். கட்டைவிரலால் அழுத்தினால் அப்படியே அமுங்கிவிடும். குதிகாலுக்குச் சுகமாக இருக்கும், சரிகிற வளைவைத் தாங்காது. நான் போடுவதில் வளைவுக்கு அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. முதல் சில நாள் உள்ளங்காலுக்குக் கீழே கூழாங்கல்லை வைத்துக்கொண்டு நடப்பது மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போனால் பழகிவிடும். ஷூவோடு வந்த அட்டையைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். அந்த அட்டையை மேலே வைத்துப் பேனாவால் கோடு போட்டு, விரல் பக்கம் மட்டும் கத்தரிக்க வேண்டும். அப்புறம், நடக்கும்போது கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். நைட் டியூட்டியில் பேஷண்டுகள் தூங்கும் வார்டில் மானம் போனது! அடியில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினேன், நின்றுவிட்டது.

சரி, வலி போனதா? முதல் சில வாரங்களிலேயே படி இறங்குவது லேசாகிவிட்டது. அதற்குமேல் கிடைத்த நிவாரணத்தில் பெரும்பங்கு இடுப்புக்கும் தொடைக்கும் சொல்லித்தந்த பயிற்சிகளுக்குத்தான் என்று நினைக்கிறேன். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, அவ்வளவு எளிமையானதுதான். பயிற்சியை விட்ட மாதங்களில் இன்சோல் இருந்தும் வலி எட்டிப்பார்த்தது. ஆஸ்திரேலியாவில் இதே வகை வலி உள்ள 179 பேரைக் குழுக்களாகப் பிரித்து நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. ஆறு வாரத்தில் தட்டையான இன்சோலைவிட வளைவு உள்ள இன்சோல் நன்றாகவே உதவியிருக்கிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எல்லாக் குழுவினருமே தேறியிருக்கிறார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. என் கதையும் கிட்டத்தட்ட அதுதான்.

அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். “எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்” என்றார், வாங்கவில்லை. தேய்மானத்துக்கென்று ஒரு பக்கம் உயர்த்திச் செய்த இன்சோல்களைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதலே சொல்கிறது. அதுவும் அவர் போடுவது செருப்பு, அதில் இன்சோலை எங்கே வைப்பது? ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் தங்கச்சிக்கும் அதே செருப்புக் கதைதான். அவளுக்கு உதவியது, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்திருத்தத்துக்கு அப்புறம் கடையில் போட்ட ஸ்டூல்.

நம் ஊர் வெயிலில் இன்சோலின் மேல்துணி சீக்கிரம் நாறும். டியூட்டி முடிந்ததும் ஷூவிலிருந்து உருவி ஃபேன் காற்றில் வைக்கிறேன். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் கையால் துடைப்பதோடு சரி, வெயிலில் காயப்போடுவதில்லை. முதல் ஜோடியில் தகடு கடைசிவரை உடையவில்லை. குதிகால் பக்கத்து ஃபோம்தான் பள்ளமாக அமுங்கி, துணி ஓரத்தில் உரிந்துவிட்டது. வலி திரும்பத் தலைகாட்டியபோதுதான் எடுத்துப் பார்த்தேன். விலை 2,000 ரூபாயைத் தாண்டும், கொஞ்சம் உறைக்கும்தான். ஆனால் பின்பக்கம் தொளதொளவென்று இருக்கிற ஷூவுக்குள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிப் போட்டாலும் வீண். முதலில் குதிகாலைக் கெட்டியாகப் பிடிக்கிற ஷூவை வாங்குங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் இதைக் கடையில் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம். அழுத்துகிற இடம் உறைக்காது, புண்ணாகும்வரை தெரியாது. அப்படி வந்தவர்களுக்கு வார்டில் கட்டுப் போட்டிருக்கிறேன்.